ஆறாக நடித்தது

வேண்டாம் என்றுதான் சொன்னேன்.
கனவில் என் பேச்சை யார் கேட்கிறார்கள்,
நனவில் மட்டும் என்ன வாழ்கிறது.

மூணாறு தலைப்பில், மதகுக்குக் கீழே,
வைகாசி மணலில் முக்காலி போட்டு
உரக்கடை சுவேதாரண்யன் உட்கார்ந்திருந்தார்.
படம் எடுக்கிறாராம்.
யூரியா சாக்கை மடித்துத் தொப்பியாகக் கவிழ்த்திருந்தார்.
கேமரா ஒரு பவர் டில்லர் மேல்.
முன் கியர் விழாது, அதனால்
எல்லாக் காட்சியும் பின்பக்கமாகவே நகரும் என்றார்கள்.

"மேட்டூர் தொறக்க இன்னும் இருவது நாள் கெடக்கு.
அதுவரைக்கும் யூனிட்டுக்கு யாரு சோறு போடுறது?
தண்ணி லாரிக்காரன் லோடு ரெண்டாயிரம்ங்கிறான்.
ஆறா நீங்கதான் நடிக்கிறீங்க."

நான் பட்டியல் எழுத்தர்,
கொள்முதல் நிலையத்தில் வேலை கிடக்கிறது,
வலது முட்டியில் வேறு வலி என்றேன்.
"ஆத்துக்கு ஏதுங்க முட்டி" என்றான் லைட் பாய்.
லைட் என்று அங்கே எதுவும் இல்லை.

பந்தல் கடையிலிருந்து வாடகைக்கு வந்த நீலத் துணி,
யார் வீட்டுக் காதுகுத்துக்கோ கட்டியது,
ஓரத்தில் இன்னும் சாம்பார் காய்ந்திருந்தது.
அதைப் போர்த்தி என்னைக் குப்புறப் படுக்கவைத்து
"ஓடுங்க" என்றார்கள்.
படுத்துக்கொண்டே எப்படி ஓடுவது?
"ஆபீஸ்ல இத்தனை வருசமா அப்படித்தானே"
யாரோ சிரித்தார்கள்.

ஆறு இங்கேதான் மூன்றாகப் பிரியும்.
மூன்று வேஷம், ஒரே பேட்டா, நூற்றைம்பது.
இடது கை வெண்ணாறு,
வலது கை பாமணி,
தலை கோரையாறு.
கோரையாற்றுக்கு வழுக்கை விழுந்திருப்பதை
யாரும் பொருட்படுத்தவில்லை.

அடுத்து கதாநாயகி இறங்கி என்னைக் கடக்க வேண்டும்.
இடுப்பளவு ஆழம் என்று தாளில் எழுதியிருந்தது.

வந்தது ஆதிச்சபுரம் தையல்நாயகி.

ஐப்பசியில் அவள் கொண்டுவந்த நாற்பத்திரண்டு சிப்பத்தை
ஈரப்பதம் இருபத்து மூன்று என்று திருப்பி அனுப்பியவன் நான்.
அனுப்பினேன் என்றால், அனுப்பவும் இல்லை.
காயவைத்துக் கொண்டாங்க என்றேன்,
பதினோரு நாள், அதே களத்தில், அதே மழையில்.
பன்னிரண்டாம் நாள்
சாக்குத் தையல் வழியே பச்சையாக எட்டிப் பார்த்தது நெல்.
நான் அப்போதும் மீட்டரைத்தான் பார்த்தேன்.

கனவில் அவள் அதைப் பேசவில்லை.
சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு
என் முதுகில் கால் வைத்தாள்.
வைத்த காலை எடுத்து, அடியைத் தடவிப் பார்த்து,
"இதுல ஈரமே இல்லையேண்ணே" என்றாள்.

கட்.

என் அலுவலக மீட்டரையே கொண்டுவந்தார்கள்.
விலாவோரம் ஒரு பிடி கிள்ளி உள்ளே போட்டார்கள்.
எட்டு, சொச்சம்.
"அரைச்சா நொய்தான் வரும்" என்றான் லைட் பாய்.

மறுபடி டேக். மறுபடி.
அழச் சொன்னார்கள், நடிக்கத் தெரியாது என்றேன்.
நடிக்க வேண்டாம், சும்மா அழுங்க என்றார்கள்.
அதுவும் வரவில்லை.
பவர் டில்லர் பின்னால் போய்க்கொண்டே இருந்தது,
நான் சின்னதாகிக்கொண்டே இருந்தேன்.
அவள் மட்டும் அக்கரைக்கும் போகாமல்
முதுகுத்தண்டுக்குப் பக்கத்தில் ஓரிடத்தைக்
குதிகாலால் கிளறிக்கொண்டு நின்றாள்,
ஊற்றுக்குத் தோண்டுகிறவர்கள் இடம் பார்ப்பதுபோல.

அந்த டேக் ஓகேயா என்று தெரியவில்லை.
குக்கர் விசில் அடித்துவிட்டது.

காலையில் வேலைக்குப் போனேன்.
கோடை நெல், நல்ல வெயில்,
எல்லா மூட்டையும் பதின்மூன்று, பதினான்கு.
யாரையும் திருப்ப வேண்டியில்லாத நாள்.
தையல்நாயகி இந்தப் போகம் போடவில்லையாம்.

டப்பிங் பாக்கி இருப்பது மத்தியானம்தான் ஞாபகம் வந்தது.
ஆள் இல்லாத நேரத்தில், மேசைக்கடியில் குனிந்து,
தண்ணீர் எப்படிச் சத்தம் போடும் என்று
மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன்.

லோடுமேன் கலியபெருமாள் எட்டிப் பார்த்து
"தொண்டை கட்டிக்கிச்சா சார்?" என்றார்.